பாயிண்ட்டின் மழை மந்திரம்

மந்திரவாதிகளில் பல வகை உண்டு. எலுமிச்சம்பழம் அறுக்கிறவர்கள், மை போட்டுப் பார்க்கிறவர்கள், தாயத்து கட்டுகிறவர்கள். ஆனால் ராமநாதபுரம் ஜில்லா தோன்றிய நாளிலிருந்து, கூட்டல் கழித்தலை மட்டுமே வைத்து மந்திரவாதியானவன் எங்கள் பாயிண்ட்டு ஒருவன்தான். எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

அவனுடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. மண்டபம் துறைமுகத்துப் பக்கம் இருந்த ஐஸ் பிளான்ட்டில் எலக்ட்ரீசியன். முதுகுளத்தூர் பக்கத்து ஆள். அய்யாவுக்கு அங்கே மானாவாரியாகக் கொஞ்சம் மிளகாய்க் காடு. நான் அப்போது செல்போன் டவர்களைப் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து மண்டபத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். டவருக்குக் கரண்ட் போய்விட்டதென்று விசாரிக்கப் போன இடத்தில்தான் அவனைப் பிடித்தேன். அல்லது அவன் என்னைப் பிடித்தான்.

எங்களையெல்லாம் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்தவர் ஆக்னஸ் டீச்சர். பாம்பன்காரர், பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவர். திருச்சியில் படித்த காலத்தில் ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட ஒரு விளையாட்டை ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். விளையாட்டு இதுதான். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். “காட்டு வழியில ஒரு அரக்கன் நிக்கிறான், என்ன செய்றீங்க?” என்று கதை சொல்பவர் கேட்பார். நாம் செய்யப்போவதைச் சொல்லிவிட்டு இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் அரக்கனுக்கு ஆபத்து, சின்ன எண் விழுந்தால் நமக்கு ஆபத்து. ஒவ்வொரு வேஷத்துக்கும் பலம் இவ்வளவு, புத்தி இவ்வளவு, வசீகரம் இவ்வளவு என்று பாயிண்ட்டைப் பங்கிட்டு எழுதிய தாள் ஒன்று உண்டு. அதை நாங்கள் ஜாதகம் என்போம். ஆட்டத்தை நடத்துகிறவர் என்பதால் டீச்சரை ‘கண்டக்டர்’ என்போம். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து டீச்சர் பாம்பனிலிருந்து பாலம் தாண்டி வருவார். ஐஸ் பிளான்ட் மாடியில் ஒரு ரூம். கீழே ஐஸ் பாரை நொறுக்கும் மிஷின் ஓட ஆரம்பித்தால் யார் என்ன எண் போட்டார்கள் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். நான் அந்தக் கதையில் திருடன். போட்டு இன்ஜின் மெக்கானிக் ஜமால் காக்கா கோடரி வீரன். எங்கள் கரையில் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் மூவருக்கும் அவர் காக்கா ஆகிவிட்டார். பாயிண்ட்டு மந்திரவாதி.

மற்றவர்கள் ஜாதகம் எழுத அரை மணி நேரம் எடுத்துக்கொண்டோம். பாயிண்ட்டு ஒரு மாசம் எடுத்துக்கொண்டான். டீச்சரின் புத்தகத்தை இரவல் வாங்கி, அதிலுள்ள மந்திரம் ஒவ்வொன்றையும் மிளகாய் வியாபாரி வத்தலை முகர்ந்து பார்ப்பதைப் போல முகர்ந்து பார்த்துத் தரம் பிரித்தான். கடைசியில் புத்தியில் இருபது வைத்தான். பலத்தையும் வசீகரத்தையும் அடிமட்டத்துக்கு, எட்டுக்கு, இறக்கிவிட்டான்.

“மந்திரவாதிக்குப் பலம் எதுக்கு? மூட்டையா தூக்கப்போறான்? வசீகரம் எதுக்கு? பேசப்போறவன் திருடன். எனக்குப் புத்தி மட்டும் போதும். அதுல ஒரு பாயிண்ட்டு இருக்கு மாப்ள.”

எதைச் சொன்னாலும் அதில் ஒரு பாயிண்ட்டு இருக்கும். பேர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

மந்திரம் பற்றி அவனுக்கு உறுதியான கொள்கைகள் இருந்தன. நெருப்புப் பந்து எறிவது, இடி இறக்குவது எல்லாம் விளம்பரம். அடிக்கிறவன் முட்டாள், கட்டிப்போடுகிறவன் கெட்டிக்காரன். எதிரியின் காலடியில் வழுக்க வைத்து, கண்ணைக் கட்டி, தூங்க வைத்துவிட்டால் மிச்சத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். காயம் ஆற்றும் மந்திரம் இருப்பதிலேயே பெரிய தண்டம். இந்தக் கொள்கையை ஜமால் காக்காவின் வீரன் குடல் வெளியே தொங்க நின்றுகொண்டிருந்த நேரத்தில்தான் விளக்கினான்.

“காக்கா, உங்களுக்கு வைத்தியம் பாத்தா ஒரு மந்திரம் போச்சு. அரக்கனத் தூங்க வச்சா, உங்களுக்குக் காயமே பட்டுருக்காது.”

“அதான் பட்டுருச்சேலே.”

“அது போன தடவ நீங்க சொல் பேச்சு கேக்காம முன்னால ஓடுனதுக்கு.”

முன்னால் ஓடுவதுதான் ஜமால் காக்காவின் ஒரே யுத்த தந்திரம். பாயிண்ட்டு கால்மணி நேரம் கணக்குப் போட்டு, எதிரிகள் மொத்தமாகக் கூடும் இடத்தைக் குறித்து, மந்திரத்தை ஓத வாயைத் திறப்பான். அதற்குள் அந்த இடத்தின் நட்டநடுவில் காக்கா கோடரியோடு நின்று, “வாங்கலே” என்பார். எதிரிகளோடு சேர்ந்து அவரும் தூங்கிப்போன நாட்கள் நிறைய.

இந்தக் கணக்கை மேஜையோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? புத்தகத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. மந்திரவாதியாக இருப்பவன் வேறொரு தொழிலிலும் ஒரே ஒரு லெவல் மட்டும் கற்றுக்கொண்டால், அந்தத் தொழிலின் முக்கியமான பலன் வந்துவிடும். மேலே படிப்பது வீண். பாயிண்ட்டுக்கு இது வேதவாக்காகிவிட்டது. ராமநாதபுரத்தில் ஹிந்தி வகுப்பில் சேர்ந்து ஒரே ஒரு நாள் போனான். தச்சு வேலைக்கு ஒரு நாள். யோகாவுக்கு ஒரு நாள், அதில் சவாசனம் கற்றுக்கொண்டதும் நிறுத்திக்கொண்டான். அதற்கு மேல் யோகாவில் என்ன இருக்கிறது என்று கேட்டான்.

நீச்சலிலும் அதே கதை. முதுகுளத்தூர்க்காரனுக்குத் தண்ணீர் என்றால் குடத்தில் இருப்பது. ஜமால் காக்கா அவனைக் கடலில் இறக்கி முதல் நாள் மிதக்கக் கற்றுக்கொடுத்தார். மறுநாள் கையைக் காலை அசைத்து நகரக் கற்றுத்தருவதாகச் சொன்னார். மறுநாள் அவன் போகவில்லை. மிதப்பதுதான் முக்கியமான பலன், சாகமாட்டோம் அல்லவா, போதும் என்றுவிட்டான். அடுத்த வாரம் தனியாகக் கடலில் இறங்கி மிக அருமையாக மிதந்தான். நீர்வாடு, அதாவது கடலின் நீரோட்டம், அவனை அலுங்காமல் குலுங்காமல் இழுத்துக்கொண்டு போனது. வத்தை என்கிற சின்னப் படகில் வந்த ஒரு மீன்காரர் பார்த்து, பிணம் என்று நினைத்துப் பக்கத்தில் போயிருக்கிறார். பிணம் கண்ணைத் திறந்து, “அண்ணே, கரைப் பக்கம்தான் போறீங்களா?” என்று கேட்டதாம். அவர் அன்றைக்கு வலை போடாமலே திரும்பிவிட்டார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லையே என்று பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். “எனக்கு வசீகரம் எட்டுதான் மாமா. ஆனா புத்தி இருவது” என்று பதில் சொல்லியிருக்கிறான். கேசரி வரவில்லை. அந்த எட்டு அவன் ஜாதகத்தில் மட்டும் இருந்ததல்ல. யாரிடமும் எதையும் கேட்க அவனுக்கு வாய் வராது. பிளான்ட்டில் ஏணி பிடிக்க ஆள் கூப்பிட வெட்கப்பட்டு, ஏணியையே கயிற்றால் தூணோடு கட்டி ஏறுகிறவன்.

இப்படிப்பட்ட கணக்குப் புலியிடம் ஒரு புரியாத விஷயம் இருந்தது. மந்திரவாதி தினமும் காலையில் அன்றைக்கு எந்தெந்த மந்திரம் வேண்டுமென்று தேர்ந்து மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இடம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் ஓர் இடத்தை எப்போதும், ஒரு நாள் தவறாமல், மழை மந்திரத்துக்கு ஒதுக்கிவைத்தான். சுத்தமாகப் பிரயோஜனமில்லாத மந்திரம் அது. ஓதி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். சண்டையில் பத்து நிமிஷம் என்பது ஒரு யுகம். அதுவரை வேறு எதையும் நினைக்கக் கூடாது, யாராவது தட்டிவிட்டால் கலைந்துவிடும். முடிந்தால் சுற்றிலும் ஐந்து மைலுக்கு மழை பெய்யும். எந்த அரக்கனும் நனைந்து செத்ததாகச் சரித்திரம் இல்லை.

“இதை எடுத்துட்டுப் பறக்கிற மந்திரம் வையேன்” என்று நான் கெஞ்சியிருக்கிறேன்.

“அது கெடக்கட்டும் மாப்ள. அதுல ஒரு பாயிண்ட்டு இருக்கு.”

“என்ன பாயிண்ட்டு?”

மிஷின் சத்தத்தில் காது கேட்காததுபோல் இருந்துவிடுவான். மிஷின் ஓடாத நாளிலும் அப்படித்தான்.

டீச்சரின் கதை ஒரு வருஷத்துக்கு மேல் ஓடி, ஐப்பசியில் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. கடலில் புயல் சின்னம் என்று எந்த போட்டும் போகவில்லை. ஐஸ் பிளான்ட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மலைக்கோட்டை வாசலில் டிராகன். அதைக் கட்டிப்போடும் பெரிய மந்திரத்துக்காகத்தான் பாயிண்ட்டு அத்தனை நாளும் தன் ஜாதகத்தைச் செதுக்கியிருந்தான். அந்த அளவு பெரிய மந்திரம் ஒரு நாளைக்கு ஒன்றுதான் ஓத முடியும், மழை மந்திரமும் அதே அளவு. ஜமால் காக்கா வழக்கம்போல் முன்னால் ஓடி டிராகனின் மூக்குக்குக் கீழே நின்றார். அது எங்களுக்குத் தெரிந்ததுதான், கணக்கில் சேர்த்திருந்தோம்.

அப்போது பாயிண்ட்டின் போன் அடித்தது. கையில் பகடை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். அவனுடைய அய்யா.

“ஏப்பா, அங்கன மேகம் நிக்கிதாமே? டிவியில சொல்றான்.”

“நிக்கிதுய்யா.”

“இங்கன ஒரு பொட்டு இல்ல. செடியெல்லாம் தல தொங்கிருச்சு. இன்னும் ரெண்டு நாள்ல ஒரு மழ விழுகலன்னா இந்த வருசம் அம்புட்டுத்தான். மேகம் எங்கிட்டுப் போகுதாம்?”

“கடலுக்குத்தான்யா.”

“சாப்ட்டியா?” என்றார். “சாப்ட்டேன்யா” என்றான். வைத்துவிட்டார்.

டீச்சர் மெதுவாக, “பாயிண்ட்டு, உன் முறைப்பா. டிராகன் வாயைத் திறக்குது” என்றார்.

அவன் பகடையைக் கீழே வைத்தான். “மழை மந்திரம் போடுறேன் டீச்சர்.”

ஜமால் காக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “ஏலே, அது நனைஞ்சு சளி பிடிச்சுச் சாகவா?”

“டிராகனுக்கு இல்ல காக்கா. நாம வர்ற வழியில ஒரு ஊரு காஞ்சு கெடந்துச்சுன்னு டீச்சர் சொன்னாங்கள்ல. இங்கன இருந்து அது நாலு மைலுதான். ரேஞ்சுக்குள்ள வருது.”

டீச்சர் எப்போதோ போகிற போக்கில் சொன்ன ஊர் அது. ஊருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. நான் மறந்தே போயிருந்தேன். டீச்சர் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு, “சரி, ஓது” என்றார்.

அவன் ஓதினான். கதையில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் டிராகனை ஜமால் காக்கா தன்னந்தனியாகத் தாங்கினார். பத்தாவது நிமிஷத்தில் வீரன் செத்துப்போனான். ஒரு வருஷம் வளர்த்த வீரன். திருடனாகிய நான் தொழில் தர்மப்படி ஓடிப்போனேன். டீச்சர் அந்தப் பெயரில்லாத ஊரில் மழை பெய்ததைச் சொன்னார். கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததை, வெடித்த மண் மூடியதை, ஜனங்கள் வெளியே வந்து நனைந்ததை எல்லாம் விலாவாரியாகச் சொன்னார். பாயிண்ட்டு தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

ஜமால் காக்கா வீரனின் ஜாதகத்தை மேஜையில் போட்டார். “கணக்கு கணக்குன்னு எங்க உசிர எடுப்பியேலே. இதுல எந்தக் கணக்கு இருக்கு?”

“கணக்கு இல்ல காக்கா. அங்கன செடி தல தொங்கிக் கெடக்கு. கையில மழைய வச்சுக்கிட்டு நான் எப்படி டிராகனக் கட்டுறது?”

காக்கா சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நாங்களும் இறங்கினோம். படியில் கால் வைக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழை இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது, முழுக்க முழுக்கக் கடலுக்குள். துறைமுகத்தில் நின்ற போட்டெல்லாம் குளித்தன. பாயிண்ட்டு அதில் நனைந்துகொண்டு மேற்கே, அவன் ஊர் இருக்கும் திசையில், பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே வானம் வெள்ளையாக இருந்தது.

“ரேஞ்சு பத்தல மாப்ள” என்றான்.

முதுகுளத்தூருக்கு மழை அதற்கப்புறம் வந்தது. தாமதமாக வந்து பாதிச் செடியைத்தான் காப்பாற்றியது. ஜமால் காக்கா அதன்பின் மேஜைப் பக்கம் வரவில்லை. கேட்டால் இன்ஜின் வேலை என்பார். வீரனை நினைத்து வருத்தமா, பாயிண்ட்டை நினைத்து வருத்தமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அந்த மேஜை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மாசி பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாயிண்ட்டு எங்கள் மூவருக்கும் போன் செய்தான், எனக்குக் கடைசியாக. லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தான்.

“மாப்ள, இன்னைக்கு ஆட்டம் வைக்கணும். எங்க ஊர்ல.”

“செவ்வாய்க்கிழமையா? அங்கேயா? ஏன்?”

“பழம் எடுத்துக் களத்துல காயப்போட்டுருக்கோம். மேக்க மேகம் கூடுது. அதே மந்திரத்துல மழைய நிறுத்தவும் செய்யலாம், புத்தகத்துல இருக்கு. ஆனா ரேஞ்சு அஞ்சு மைலுதான். போன தடவ அங்கன இருந்து போட்டதாலதான் தப்பாயிருச்சு.”

மிளகாய்க்காரன் பாடு அப்படி. ஐப்பசியில் மழை வராதா என்று அழுவான், மாசியில் வந்துவிடுமோ என்று அழுவான். காய்கிற வத்தலில் ஒரு மழை விழுந்தால் நிறம் போய், பூஞ்சை பிடித்து, பாதி பிழைத்த செடியின் பலனும் போய்விடும். இதெல்லாம் சரி. ஆனால் வேலை நாளில், பகடை உருட்ட, முதுகுளத்தூருக்கா? முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. ஜமால் காக்கா, யாரிடமோ இரவல் வாங்கிய லோடு ஆட்டோவோடு நின்றார். பக்கத்தில் ஆக்னஸ் டீச்சர், மடியில் புத்தகம். பின்னால் போட்டை மூடுகிற பெரிய தார்ப்பாய் இரண்டு சுருட்டிக் கிடந்தன.

“என்னலே பாக்குற? ஏறு” என்றார் காக்கா.

“தார்ப்பாய் எதுக்கு காக்கா?”

“அவனுக்குப் புத்தி இருவதுன்னா எனக்கு என்ன ரெண்டா?”

களத்தில் சிவப்பு சிவப்பாக வத்தல் பரந்து கிடந்தது. பாயிண்ட்டின் அய்யா ஒரு மூலையில் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து நிமிர்ந்து, இவர்கள் யார் என்று மகனைப் பார்த்தார். மகன் கருவேல மர நிழலில் ஏற்கனவே பாய் விரித்து, பகடையை எடுத்து வைத்திருந்தான். நாங்கள் உட்கார்ந்தோம். ஜமால் காக்காவுக்குப் புது வேஷம் எழுத நேரமில்லை, செத்த வீரனையே டீச்சர் எழுப்பிவிட்டார். பாயிண்ட்டு மழை நிறுத்தும் மந்திரத்தை ஓத ஆரம்பித்தான். கதைக்குள் எங்கிருந்தோ நாலு பூதங்கள் வந்தன. காக்கா முன்னால் ஓடுவார் என்று எல்லோரும் பார்த்தோம்.

“நான் எங்கயும் போகல. அவன் பக்கத்துலயே நிக்கிறேன். ஒருத்தனும் இவனத் தொடக் கூடாது” என்றார்.

பாயிண்ட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அந்த நேரம் பாயில் ஒரு சொட்டு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று.

அதற்கப்புறம் யார் என்ன சொன்னோம் என்று தெரியாது. ஐந்து பேரும் களத்தில் இறங்கினோம். டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வத்தலைக் குவித்தார், நான் சாக்கில் அள்ளினேன், காக்காவும் பாயிண்ட்டும் தார்ப்பாயை இழுத்து மூடி நாலு பக்கமும் கல் வைத்தார்கள். நெடி ஏறி ஆளாளுக்குத் தும்மல். அய்யா ஒருவராக இருந்திருந்தால் பாதியைக்கூட ஒதுக்கியிருக்க முடியாது. கடைசிச் சாக்கைக் கட்டியதும் மழை கொட்டியது. தார்ப்பாய்க்குள்ளேயே நாங்களும் ஒண்டிக்கொண்டோம். அய்யா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, “நல்ல நேரத்துல வந்தீகப்பா” என்றார்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மந்திரம் பாதியில நிக்குது, பகடையை உருட்டுறியா?” என்று கேட்டார்.

“வேணாம் டீச்சர். வேல முடிஞ்சிருச்சு” என்றான் பாயிண்ட்டு. மூக்கு மட்டும் மிளகாய் நிறத்தில் இருந்தது.

வசீகரம் எட்டு உள்ளவனுக்கு ‘உதவிக்கு வாங்க’ என்று கேட்கத் தெரியாது. ஆட்டத்துக்குக் கூப்பிடத்தான் தெரியும். அவனுடைய கணக்குகளிலேயே பிசகாத கணக்கு அதுதான் என்பது என் கட்சி. காக்காவைக் கேட்டால், அவனுக்கு அவ்வளவு சூது கிடையாது, மந்திரம் பலிக்கும் என்று நம்பித்தான் கூப்பிட்டான் என்பார்.

எனக்கு இப்போது வேறு ஊர், வேறு மேஜை. சின்னப் பையன்கள், கணக்கில் சூரர்கள். இங்கே நான் மந்திரவாதி வேஷம் எடுக்கிறேன். எல்லாவற்றையும் அவர்கள் சொல்கிறபடி வைத்துக்கொண்டு, ஓர் இடத்தை மட்டும் மழை மந்திரத்துக்கு ஒதுக்கிவிடுவேன். அது எதற்கு சார் தண்டமாக என்று கேட்கிறார்கள். நான் காது கேட்காததுபோல் இருந்துவிடுகிறேன். அவன் எந்தச் செவ்வாய்க்கிழமை கூப்பிடுவான் என்று தெரியாது, வெறுங்கையோடு எப்படிப் போவது?